இறங்கித் தாங்க, ஃபாதர்

பொதுக்காலம் 18ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு
விடுதலைப் பயணம் 16; யோவான் 6



முதலாம் வாசகத்தைக் கவனித்தீர்களா? பாலைவனத்தில் கூடாரம் அடித்திருந்த சனம் காலையில் எழும்பிப் பார்க்கிறது. பனி வற்றிய தரையில் மெல்லியதாக, வெள்ளையாக ஏதோ கிடக்கிறது. முதல் நாள்வரை பசி பசி என்று மோசேயைப் பிய்த்துப் பிடுங்கியவர்கள். சாப்பாடு வந்து காலடியில் கிடக்கும்போது நன்றி சொன்னார்களா? இல்லை. இது என்ன என்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள். அந்தக் கேள்வியே பெயராகி மன்னா ஆயிற்று. வானத்திலிருந்து சாப்பாடு விழுந்தால் மனுசனுக்கு முதலில் வருவது சந்தேகம்தான். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஒன்பது வயதில் நானே அப்படித்தான் அண்ணாந்து பார்த்தேன்.

1987 யூன் 4, வியாழக்கிழமை. பின்னேரம் ஐந்து மணியளவில் இருக்கும். யாழ்ப்பாணத்தில் எங்கள் அம்மம்மா வீட்டு முற்றத்தில் நாங்கள் கிளித்தட்டு விளையாடிக்கொண்டிருந்தோம். வானத்தில் இரைச்சல். அந்த நாட்களில் இரைச்சல் கேட்டால் யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கால்கள் தாமாகவே பங்கரை நோக்கி ஓடும். மே 26ஆம் திகதியே வடமராட்சியில் இராணுவத்தின் 'ஒபரேசன் லிபரேசன்' தொடங்கிவிட்டது. சியாமாசெட்டிக் குண்டுவிமானத்தின் சத்தம் எது, ஹெலியின் சத்தம் எது என்று எங்கள் வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் மாதிரி மனப்பாடம். இது இரண்டும் இல்லை. கனமான, ஆறுதலான சத்தம். பங்கர் வாசலில் நின்று எட்டிப் பார்த்த மாமா, "குடை, குடை!" என்று கத்தினார். அம்மம்மா செபமாலையை உருட்டிக்கொண்டே கேட்டா: "குண்டு குடை பிடிச்சுக்கொண்டோ வரும்?"

அது குண்டு இல்லை. இந்தியா போட்ட சாப்பாடு. முதல் நாள், யூன் 3ஆம் திகதி, இராமேஸ்வரத்திலிருந்து, அதாவது நமது எதிர்க்கரையிலிருந்து, செஞ்சிலுவைக் கொடியோடு 19 படகுகள் ஏறத்தாழ 40 தொன் பொருட்களோடு புறப்பட்டிருந்தன. கச்சதீவுப் பக்கத்தில் இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டது. அடுத்த நாள் பெங்களூரிலிருந்து ஐந்து அந்தோனோவ் 32 விமானங்கள், மிராஜ் 2000 போர்விமானங்களின் காவலோடு வந்து, சுமார் 25 தொன் உணவையும் மருந்தையும் பரசூட்டில் இறக்கிவிட்டுப் போயின. அதற்கு வைத்த பெயர் 'ஒபரேசன் பூமாலை'. விமானங்களுக்குள் 35 பத்திரிகையாளர்களும் இருந்தார்கள். உலகம் பார்க்க வேண்டும், சாட்சி வேண்டும் என்று ஏற்றியவர்கள். அந்த 35 பேரின் நிறைக்கு அரிசி ஏற்றியிருந்தால் இன்னும் இரண்டு தொன் கூட வந்திருக்கும் என்று எங்கள் மாமா பின்னாளில் சொல்லிச் சிரிப்பார்.

எங்கள் வீட்டுக்கு அதில் ஒரு பருப்பு மணியும் வரவில்லை. குடாநாட்டில் அப்போது ஏழெட்டு இலட்சம் சனம். 25 தொன்னைப் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு சின்னப் பிடி. அதனால் அது பொய்யான உதவி என்று நான் சொல்ல வரவில்லை. அன்று இரவு எங்கள் ஒழுங்கையில் சனம் அழுதது, சிரித்தது, சாமிப் படத்துக்கு விளக்கு வைத்தது. எங்களையும் யாரோ நினைக்கிறார்கள் என்ற ஆறுதல் வயிற்றை நிரப்பாது, ஆனால் ஒரு இரவைக் கடத்தும். இரண்டு மாதம் ஆகவில்லை, யூலை 29ஆம் திகதி இந்திய இலங்கை ஒப்பந்தம் வந்தது, இந்திய அமைதிப்படை வந்தது. ஒக்டோபரில் அந்தப் படையே யாழ்ப்பாணத்தில் சண்டையில் இறங்கியது. பூமாலை காய்வதற்கு எடுத்த காலம் அவ்வளவுதான்.

குருவானவரான பிறகும் அந்தக் குடைகள் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அதனால் இந்த மன்னா வாசகம் வரும் ஞாயிறுகளில் எல்லாம், வானத்திலிருந்து சாப்பாடு போடுகிற இந்த வேலை எங்கே தொடங்கியது என்று தேடித் தேடி வாசித்திருக்கிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். பூசை நீளும் என்று பின்வாங்கிலுக்கு இப்போதே முகம் சுருங்குவது தெரிகிறது.

தொடங்கியது பசித்த சனத்துக்காக அல்ல, பசித்த படைக்காக. 1916. இன்றைய ஈராக்கில் தைகிரீஸ் ஆற்றங்கரையில் கூட் என்ற சிறு பட்டினம். பிரித்தானிய இந்தியப் படையைத் துருக்கியர் அங்கே மாதக்கணக்காக முற்றுகையிட்டிருந்தார்கள். உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள், பஞ்சாபிலும் மராட்டியத்திலும் இருந்து வெள்ளைக்காரனுக்குச் சண்டை பிடிக்கப் போன ஏழை வீட்டுப் பிள்ளைகள். குதிரைகளை வெட்டித் தின்னக் கொடுத்தபோது, ஊரில் சாதியும் சமயமும் என்ன சொல்லுமோ என்று பயந்து, பலர் அதைத் தொடாமல் பட்டினி கிடந்தார்கள். ஏப்பிரல் நடுப்பகுதியில், அந்தக் காலத்துத் தடியும் துணியுமான சின்ன விமானங்களில் மாச் சாக்குகளைக் கட்டிக் கொண்டுபோய் மேலிருந்து போட்டார்கள். சில உள்ளே விழுந்தன. சில ஆற்றில் விழுந்தன. சில துருக்கியரின் பதுங்குகுழிக்குள்ளேயே விழுந்தன. தானியத்தை மாவாக்க வழியில்லை என்று திரிகைக் கல்லையும் போட்டார்கள். எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்தில் இஸ்ரயேலர் மன்னாவைத் திரிகையில் அரைத்தார்கள் என்று வாசிக்கும்போதெல்லாம், வானத்திலிருந்து விழுந்த அந்தத் திரிகைக்கல் எனக்கு நினைவு வரும்.

பன்னீராயிரம், பதின்மூவாயிரம் வாய்களுக்கு அது எந்த மூலைக்கு? ஏப்பிரல் 29ஆம் திகதி படை சரணடைந்தது. சிறைபிடிக்கப்பட்டு நடத்திச் செல்லப்பட்டவர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் வழியிலும் முகாம்களிலும் செத்தார்கள்.

அடுத்த உலக யுத்தத்தில் இந்த வேலை தேர்ந்த தொழிலாகிவிட்டது. 1944இல் பர்மா எல்லையில் பிரித்தானிய ஜெனரல் சிலிமின் பதினான்காம் படை, சுற்றி வளைக்கப்பட்டால் பின்வாங்காதே, இருந்த இடத்தில் இரு, மேலிருந்து சாப்பாடு வரும் என்று பழகிக்கொண்டது. பட்டுக்கும் நைலோனுக்கும் தட்டுப்பாடு. கல்கத்தாவைச் சுற்றியிருந்த சணல் ஆலைகளில், நமது வாடிகளில் கருவாடு கட்டும் சாக்கு இருக்கிறதே, அந்தச் சணலிலேயே பரசூட் செய்தார்கள். மனுசன் குதிப்பதற்கு அது உதவாது, அரிசி மூட்டை குதிப்பதற்குப் போதும். கொஹிமாவில் முற்றுகைக்குள் இருந்தவர்களுக்குத் தண்ணீரையே வானத்திலிருந்து போட வேண்டி வந்தது. எதிர்ப்பக்கம் யப்பானியச் சிப்பாய்கள் ஏறத்தாழ மூன்று வாரச் சாப்பாட்டோடு மலையேறி வந்தவர்கள். பிடித்த இடத்தில் தின்னலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர்களுக்கு மேலிருந்து போட ஆள் இல்லை. கடைசியில் அவர்களுடைய தளபதி சாத்தோ, மேலிடத்துக் கட்டளையை மீறித் தன் பிள்ளைகளைத் திருப்பிக் கூட்டிப் போனார். அந்தப் பின்வாங்கலில் காட்டு வழியெல்லாம் பசியில் விழுந்தார்கள். ஒரே மலை, ஒரே மழைக்காலம். எந்தத் தாயின் பிள்ளைக்குச் சாப்பாடு விழுந்தது, எந்தத் தாயின் பிள்ளைக்கு விழவில்லை என்பதுதான் வித்தியாசம்.

இனி ஒரு ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். டேவிட் லோர்ட் என்று பெயர். சின்ன வயதில் இந்தியாவில், லக்னோவில் கன்னியர் மடப் பள்ளியில் படித்தவர். வளர்ந்த பிறகு குருவாகப் போகிறேன் என்று ஸ்பெயினில் வல்லடோலிட் நகரத்து ஆங்கிலேயக் குருமடத்தில் சேர்ந்தார். கொஞ்சக் காலத்தில் இது எனக்கு அழைப்பு இல்லை என்று வெளியே வந்துவிட்டார். குருமடத்தை விட்டுப் போனவர்களைப் பற்றி நாங்கள் குருக்கள் கொஞ்சம் இளக்காரமாகப் பேசுவதுண்டு. அது எங்கள் நோய், உங்களுக்குத் தெரிந்ததுதான். இவர் விமானப்படையில் சேர்ந்தார். பர்மாவிலும் பொதி போட்டிருக்கிறார்.

1944 செப்ரெம்பர் 19. ஒல்லாந்தில் ஆர்ன்ஹெம் என்ற நகரத்தில் பிரித்தானியப் பரசூட் படை ஜெர்மானியரிடம் சிக்கிக் கிடந்தது. பொதி போட என்று முன்கூட்டிக் குறித்த இடம் ஜெர்மானியர் கைக்குப் போய்விட்டது. கீழே இருந்தவர்கள் துணியை வீசினார்கள், புகையைக் கிளப்பினார்கள். மேலே இருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. அன்று 163 விமானங்கள் வந்தன, 13 திரும்பவில்லை. லோர்டின் டகோட்டா விமானத்தின் வலது சிறகு தீப்பற்றியது. குதித்துத் தப்பியிருக்கலாம். அவர் 900 அடிக்குத் தாழ்ந்து, ஒழுங்காக நேரே பறந்து, பொதிகளைப் போடச் செய்தார். முடிந்ததா என்று கேட்டார். இன்னும் இரண்டு பெட்டி மிச்சம் என்றார்கள். எரிகிற விமானத்தை வட்டமடித்துத் திருப்பிக்கொண்டு அதே சூட்டுமழைக்குள் இரண்டாம் தடவை போனார், அந்த இரண்டு பெட்டிக்காக. பிறகு மற்றவர்களைக் குதிக்கச் சொல்லிவிட்டு விமானத்தைத் தான் பிடித்துக்கொண்டிருந்தார். சிறகு முறிந்தது. உள்ளே இருந்தவர்களில் வழிகாட்டி ஒருவர் மட்டுமே உயிரோடு மண்ணில் கால் வைத்தார். லோர்டுக்கு அப்போது வயது முப்பது.

அன்றைய பொதிகளில் பெரும்பகுதி ஜெர்மானியர் கையில்தான் விழுந்தது. கீழே கையை விரித்துக்கொண்டு நின்றவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

இந்தக் கதையை நான் புனிதர் வரலாறு மாதிரிச் சொல்லவில்லை. அந்தப் பெட்டிகளில் தோட்டாவும் இருந்தது. அப்பமும் தோட்டாவும் ஒரே குடையில் தொங்கி வருவதுதான் யுத்தத்தின் தர்மம். ஆனாலும் அந்த மனுசனை என்னால் மறக்க முடியவில்லை. ஏனென்றால் மேலிருந்து போடுகிறவர்களின் முழு வரலாற்றிலும் போட்டுவிட்டுத் திரும்பிப் போகாதவர்கள் மிகச் சிலர். வானத்திலிருந்து போடுவது என்றால் என்ன? இறங்க முடியாதவன் கொடுக்கிற கொடை அது. இறங்க விரும்பாதவனுக்கும் அது வசதி. பொதி இறங்கும், போட்டவன் இறங்கமாட்டான். கீழே அது யார் கையில் விழுகிறது, தூக்கிப் போக யாருக்குப் பலமிருக்கிறது, யார் கூட்டத்தில் மிதிபட்டான் என்று அவனுக்குத் தெரியாது. 2024 மார்ச்சில் காசாவில், பரசூட் விரியாத பொதிகள் பசியோடு காத்திருந்தவர்கள்மேலேயே விழுந்து ஆட்கள் இறந்தார்கள். போட்ட விமானம் அப்போது கடலுக்கு மேலே போயிருக்கும்.

நமது நாட்டிலும் இது நடந்ததுதானே. 1990 யூன் மாதம் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் யாழ்ப்பாணக் கோட்டை முற்றுகைக்குள் கிடந்தது. உள்ளே இராணுவத்துப் பிள்ளைகளும் பொலிசாரும். அவர்களுக்கு வானத்திலிருந்து பொதி போட்டார்கள். சிலது உள்ளே விழுந்தது, சிலது வெளியே விழுந்தது. அதே வானத்திலிருந்து கோட்டையைச் சுற்றியிருந்த நகரத்துக்குக் குண்டு. உள்ளே பாண், வெளியே குண்டு. 1991 மார்ச்சில் நமது இந்தச் சிலாவத்துறை முகாம்மீது தாக்குதல் நடந்ததும், யூலையில் ஆனையிறவு முற்றுகையும் உங்களில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். முகாமுக்கு உள்ளே பசித்திருந்தவனும் ஒரு தாயின் பிள்ளை. வெளியே பதுங்கியிருந்தவனும் ஒரு தாயின் பிள்ளை. இதைச் சொன்னால் இரண்டு பக்கமும் என்மேல் கோபப்படுவார்கள். பரவாயில்லை.

ஒன்றைமட்டும் மகிழ்ச்சியோடு சொல்லிவிடுகிறேன். 1945 ஏப்பிரலில் அதே ஒல்லாந்தில் சனம் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தது. அந்தக் குளிர்காலத்துக்கு அவர்கள் வைத்த பெயரே பசிக் குளிர்காலம். இருபதாயிரம் பேரளவில் மாண்டார்கள், துலிப் பூக்கிழங்கைத் தோண்டி அவித்துத் தின்றார்கள். யுத்தம் இன்னும் முடியவில்லை. ஜெர்மானியரோடு பேசி, இந்த வழியில் வரும் விமானங்களைச் சுடாதே என்று ஏற்பாடு செய்து, ஏப்பிரல் 29 முதல் மே 8 வரை, நேற்றுவரை குண்டு போட்ட அதே லங்காஸ்டர் விமானங்களில் சாக்குச் சாக்காக உணவு கொண்டுபோனார்கள். பரசூட்கூட இல்லை. வீட்டுக் கூரைக்குச் சற்று மேலே என்று சொல்லுமளவுக்குத் தாழப் பறந்து, கொட்டினார்கள். அதற்குப் பிரித்தானியர் வைத்த பெயர் என்ன தெரியுமா? ஒபரேசன் மன்னா. சனம் துலிப் பூக்களை அடுக்கி வயலில் நன்றி என்று எழுதியது. அந்த விமானிகள் எவ்வளவு தாழ வந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். முகம் தெரியுமளவுக்கு வந்தார்கள். சுடப்படலாம் என்ற பயத்தோடு வந்தார்கள்.

இனி நற்செய்திக்கு வருவோம்.

முதல் நாள் அப்பம் தின்ற கூட்டம், ஆண்டவரைக் காணவில்லை என்று வள்ளங்களில் ஏறிக் கப்பர்நாகூமுக்கு வருகிறது. அவர் மகிழ்ந்தாரா? வயிறு நிரம்பியதால்தான் தேடி வந்தீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். அவர்களும் விடவில்லை. எங்கள் முன்னோருக்கு மோசே வானத்திலிருந்து போட்டுத் தந்தார், நீர் என்ன போடப் போகிறீர் என்று கேட்கிறார்கள். விமானம் வருமா வராதா என்று பார்த்து நிற்கிற சனத்தின் கேள்வி அது. நாங்களும் அப்படி நின்றவர்கள்தானே. நிவாரண அட்டையைப் பிடித்துக்கொண்டு சங்கக்கடை வாசலில் நின்ற சனம் நாங்கள். அந்தக் கேள்வியில் இருக்கும் ஏக்கத்தை நான் பழிக்கமாட்டேன். ஆனால் ஆண்டவர் சொன்ன பதிலைப் பாருங்கள். கடவுள் தரும் உணவு வானத்திலிருந்து இறக்கிவிடப்படுவது அல்ல, இறங்கி வருவது என்கிறார். பிறகு, அது நானே என்கிறார்.

போட்டவர் மேலே நின்றுவிடவில்லை. பொதியோடு பொதியாக அவரே வந்தார். திரும்பிப் போக எரிபொருள் வைத்துக்கொண்டும் வரவில்லை. பெத்லகேமில் இறங்கினார், நாசரேத்தில் முப்பது வருடம் தச்சுப் பட்டறை மரத்தூளில் இருந்தார், கல்வாரியில் முடிந்தது. அவரும் தவறான கைகளில்தான் விழுந்தார், அந்த ஆர்ன்ஹெம் பெட்டிகள் மாதிரி. தெரிந்தே விழுந்தார்.

இந்த ஊரில் இதை விளங்கப்படுத்துவது கடினம் இல்லை. நமது ஊரின் பெயரிலேயே இருக்கிறது. சிலாபம் என்றால் முத்துக்குளிப்பு. சிலாவத்துறை முத்துக்குளித்த துறை. அரிப்புக் கடற்கரையில் இடிந்து நிற்கிறதே, நாங்கள் அல்லிராணிக் கோட்டை என்கிற கட்டடம், அது நோர்த் என்ற வெள்ளைக்காரத் தேசாதிபதி 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டியது. அந்த நாளில் மாடியிலிருந்து முத்துக்குளிப்பைப் பார்க்கலாம். கீழே வள்ளத்தில், ஒருவன் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, கழுத்தில் வலைக்கூடையை மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து இறங்குவான். இன்னொருவன் மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அந்தக் கயிற்றை யார் கையிலும் கொடுத்துவிடமாட்டார்கள். மச்சான் கையில் கொடுப்பார்கள், தங்கை தாலி அறுக்கக் கூடாது என்று அவன் கவனமாக இழுப்பான் என்பதற்காக. மாடியில் நின்ற தேசாதிபதி எத்தனை முத்து எடுத்தார்? ஒன்றுகூட இல்லை. ஆனால் சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு என்று பின்னால் சட்டம் இருந்தது. அது வேறு கதை, அதைத் தொடங்கினால் பூசை மத்தியானத்தில்தான் முடியும். மேலே நின்றவன் கணக்குப் பார்த்தான், முத்தைத் தொட்டவன் இறங்கினவன்.

இப்போது என் கதை ஒன்று. பாவசங்கீர்த்தனம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மார்கழியில் அருவி ஆறு பெருக்கெடுத்து முசலிப் பக்கத்துக் கிராமங்களில் வெள்ளம் நின்றது. வெளியூரிலிருந்து ஒரு உதவிக் குழு லொறி நிறையப் பொருட்களோடு வந்தது. பெயர் வேண்டாம், நல்ல மனசோடு வந்தவர்கள்தான். வழி காட்டுவதற்கு நான் ஏறிக்கொண்டேன். றோட்டில் முழங்காலளவு தண்ணீர். நிற்பாட்டினால் லொறி புதைந்துவிடும் என்று றைவர் பயந்தார். ஆகவே ஊர்ந்து போய்க்கொண்டே இரண்டு பக்கமும் பொதிகளை எறிந்தார்கள். ஒரு பொடியன் முன்னால் நின்று கைத்தொலைபேசியில் வீடியோ எடுத்தான். ஓடி வரக்கூடிய ஆம்பிளைப் பிள்ளைகள் மூன்று நான்கு என்று பிடித்தார்கள். நானும் எறிந்தேன். வெள்ளை அங்கியை முழங்காலுக்கு மேலே தூக்கிக் கட்டிக்கொண்டு, பிசுக்கற்றும் பருப்பும் கட்டிய பைகளை எறிந்தேன். உண்மையைச் சொன்னால், அப்போது எனக்கு அது பிடித்திருந்தது. கையிலிருந்து பொருள் போய்க்கொண்டேயிருக்கிறது, சனம் கையை நீட்டுகிறது, பெரிய தொண்டு செய்கிற மாதிரி ஒரு உணர்வு. ஒன்பது வயதில் பங்கர் வாசலில் நின்றவன், இப்போது விமானத்துக்குள் ஏறிவிட்டான்.

ஒரு வீட்டு வாசலில் முக்காடு போட்ட ஒரு உம்மா நின்றா. நான் எறிந்த பை அவவின் காலுக்குப் பக்கத்தில் சேற்றுத் தண்ணீரில் விழுந்தது. அவ குனியவில்லை. பையையும் பார்க்கவில்லை. என்னையே பார்த்தா. சத்தமும் போடவில்லை.

"இறங்கித் தாங்க, ஃபாதர்."

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டது உங்களுக்குத் தெரியும். ஏறத்தாழ 75,000 பேர். நமது முசலிச் சனமும் அதில் உண்டு. நமக்குப் பக்கத்து வீடுகள், ஒன்றாகக் கடலுக்குப் போனவர்கள். அந்த உம்மா புத்தளத்து முகாமில் இருபது வருடம் கிட்ட இருந்துவிட்டு, யுத்தம் முடிந்த பிறகு திரும்பி வந்தவ. நிவாரணம் என்றால் என்ன என்று எனக்கு அவ சொல்லித் தரலாம். நான் அவவுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

லொறியை நிற்பாட்டச் சொன்னேன். றைவர் ஏசினார். இறங்கினேன். தண்ணீர் நான் மேலிருந்து நினைத்ததைவிட ஆழம், நல்ல குளிர். செருப்பு ஒன்று சேற்றோடு போய்விட்டது, இன்றுவரை கிடைக்கவில்லை. சேற்றில் கிடந்ததை எடுத்து வைத்துவிட்டு, நல்ல பைகள் இரண்டை அவவின் கையில் கொடுத்தேன். ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றதைத் திருப்பித் தந்தா. "எங்களுக்கு ஒண்டு காணும். அங்கால வீட்டில பிள்ளைப் பெத்தவ ஒராள் படுத்திருக்கா, அவளுக்குக் குடுங்க." அங்கால வீடு நமது வேதக்கார வீடு. லொறியில் நின்ற எனக்கு அந்த வீட்டின் கூரைதான் தெரிந்தது. உள்ளே ஒரு பச்சை உடம்புக்காரி படுத்திருந்தது தெரியவில்லை. நான் அவர்களுடைய பங்குச் சுவாமி.

இன்று நமக்கு வாசிக்கப்பட்ட பகுதி 15ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. வீட்டுக்குப் போய் அடுத்த சில வசனங்களையும் வாசியுங்கள். ஆளுக்கு ஒரு ஓமேர் அளவுதான் சேர்க்க வேண்டும் என்று கட்டளை. கூடச் சேர்த்தவனுக்கு மிஞ்சவில்லை, குறையச் சேர்த்தவனுக்குத் தட்டவில்லை. நாளைக்கு என்று பதுக்கி வைத்தது புழுத்து நாறியது. ஆகாயத்திலிருந்து விழுந்ததில் பாதிப் புதுமைதான் இருக்கிறது. மிச்சப் பாதி தரையில், யார் யாருக்கு எவ்வளவு தேவை என்று கிட்டப் போய்ப் பார்ப்பதில். இந்தக் கணக்கை விடுதலைப் பயண நூல் வாசிக்காத அந்த உம்மா எனக்கு முன்னாலேயே சரியாகப் போட்டுவிட்டா.

மடுவில் அகதி முகாம் இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே சனத்தோடு சனமாக, அதே மரத்தடியில், அதே மலேரியாவோடு, அதே ஷெல் சத்தத்துக்குள் இருந்த குருக்களையும் கன்னியரையும் உங்களில் பலர் கண்டிருக்கிறீர்கள். அவர்கள் கொண்டுவந்து தந்த அரிசி எத்தனை மூட்டை என்று உங்களுக்கு இன்று நினைவிருக்காது. அவர்கள் போகாமல் இருந்தது நினைவிருக்கும்.

இப்போது நாம் கொடுக்கிறவர்களாகவும் ஆகிவிட்டோம். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் காசு அனுப்புகிறார்கள், நல்லது. கோயில் திருவிழாவுக்கு அன்னதானம், நல்லது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொப்பி கொடுக்கிறோம், பானர் கட்டி, படம் எடுத்து, முகநூலில் போட்டு. அந்தப் படங்களில் கொடுக்கிறவர் சிரிக்கிறார். வாங்குகிற பிள்ளை எங்கே பார்க்கிறது என்று ஒருநாள் கவனித்துப் பாருங்கள். ஒழுங்கையின் அந்தத் தலைப்பில் படுத்த படுக்கையாய் ஒரு கிழவர் இருக்கிறார். மகன் மாதாமாதம் காசு போடுகிறான், குறையொன்றும் இல்லை. போன கிழமை நற்கருணை கொண்டு போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அரை மணித்தியாலம் நெத்தலிப்பாடு பற்றிப் பேசினார்; இந்த முறை காற்று பிந்துதாம். நான் கடலுக்குப் போனவனில்லை, ஒன்றும் விளங்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தேன்.

சரி, எழும்பி நில்லுங்கள். இன்று சின்னப் பிரமாணம் வேண்டாம், நிசேயா விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லுவோம், நீளமானதை. அவர் விண்ணிலிருந்து இறங்கியதைச் சொல்லிவிட்டு மனிதரானதைச் சொல்லும் இடத்தில் எல்லாரும் குனிந்து வணங்க வேண்டும் என்பது திருச்சபையின் ஒழுங்கு. நாங்கள் வழக்கமாக அந்த இடத்தைப் பஸ் பிடிக்கப் போகிறவர்கள் மாதிரி ஓடிக் கடந்துவிடுகிறோம். இன்று அந்த வரியில் நான் கொஞ்சம் நிற்பேன். நீங்களும் நில்லுங்கள். குனிய முடியாத முழங்கால் நோக்காரர் வாங்கிலைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் சாய்த்தால் போதும்.